ஏற்கெனவே வந்த புகார்

அத்தியாயம் 3

"இவன் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

வந்தவன் இதைச் சொன்ன தோரணையைப் பார்த்து ஆதிமூலத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஊதினால் விழுந்துவிடும் உடம்பு. தோளில் மடிக்கணினிப் பை, மோவாயில் முகக்கவசம், இருபத்தாறு வயது. பெயர் பிரவீன்குமார், ஊர் நைனார்பாளையம்.

"மிச்சம்னா இன்னா தம்பி? வெட்டா, குத்தா?"

"ஆதி, கம்முனு இரு" என்றார் ராணியம்மாள்.

கள்ளக்குறிச்சியில் உரக்கடை மாடியில் ‘ராணி துப்பறியும் நிலையம்’ நடத்துகிற ராணியம்மாள், அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுத்தவர். மனிதர்கள் பேசுவதை விட, பேசாமல் விட்ட இடத்தைக் கேட்டுப் பழகிய காது அது. ஆதிமூலம் ரிஷிவந்தியம் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பயணிகளிடம் வாய் ஜாஸ்தி என்று முதலாளி இறக்கிவிட்டார். அந்த வாய்க்காகவே ராணியம்மாள் ஏற்றிக்கொண்டார். அதற்காக அவர் வருந்தாத நாள் வாரத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கலாம்.

பிரவீன்குமார் மடிக்கணினியைத் திறந்தான்.

"நான் ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் பண்ணியிருக்கேன் மேடம். பேரு ‘சுளுவு’. காலேஜுக்கு அப்ளிகேஷன் போடுற படிவம். யாரு வேணா சும்மாவே எடுத்துக்கலாம். உள்ள இன்னா எழுதியிருக்கேன்னு பாக்கலாம், திருத்தலாம். திறந்த மூலம்."

"கதவத் தொறந்து வச்சிட்டு, எவன் உள்ள வந்தான்னு கண்டுபிடிக்கச் சொல்றீங்க" என்றான் ஆதிமூலம்.

"அது தப்பில்லண்ணே. தப்பு இருந்தா சொல்றதுக்கும், புதுசா வசதி கேக்கறதுக்கும் ஒரு புகார்ப் பலகை வச்சிருக்கேன். அதுல எல்லாரும் எழுதலாம்."

எழுதியும் இருந்தார்கள். ஆதிமூலம் எட்டிப் பார்த்தான். பெயர் எழுதும் கட்டத்தில் இராகு காலம் வந்தால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்று ஒருவர் கோரியிருந்தார். சின்னசேலத்துக்காரர் ஒருவர் சேலம் ரயில் நேரத்தையும் படிவத்திலேயே சேர்க்கச் சொல்லியிருந்தார். இன்னொருவர் மாமனார் பெயருக்குத் தனிக் கட்டம் கேட்டு, அது சிறியதாக இருந்தால் போதும் என்று அடிக்குறிப்பும் போட்டிருந்தார். எல்லோருக்கும் பிரவீன்குமார் ஒரே பதிலை எழுதியிருந்தான்: ‘திறந்த மூலம்தானே, நீங்களே செய்து அனுப்பலாமே.’

"இதெல்லாம் வுடுங்க. இவனப் பாருங்க மேடம்."

‘மலை’ என்ற பெயரில் முப்பத்தொரு புகார்கள். முப்பத்தொன்றும் ஒரே வாசகம், எழுத்துக்கு எழுத்து.

*அனுப்புநர்: தங்கள் பலகை விதிப்படி எழுதவில்லை. பெறுநர்: உயர்திரு மென்பொருள் அவர்கள். ஐயா, பொருள்: இனம் மாறுவது தொடர்பாக. நான் பழங்குடி என்று தேர்ந்தெடுத்தும் தங்கள் படிவம் தன்னிச்சையாக என்னை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று மாற்றிக்கொள்கிறது. சமூகம் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். நகல்: மாவட்ட ஆட்சியர், முதலமைச்சர் தனிப்பிரிவு, குடியரசுத் தலைவர்.*

"குடியரசுத் தலைவருக்கு நகலா!" ஆதிமூலம் வாயைப் பிளந்தான். "அவரு இன்னா பண்ணுவாரு, உங்க சாஃப்ட்வேர கலைச்சிடுவாரா?"

"சிரிக்காதீங்கண்ணே. மொத புகாருக்கு ‘பிழை இல்லை’ன்னு போட்டு மூடினேன். இந்த மாசம் வந்த அடுத்த முப்பதையும் ‘ஏற்கெனவே வந்த புகார்’னு மூடினேன். இவன் வுடுற மாதிரி இல்ல. திங்கக்கெழம சென்னையில பெரிய கம்பெனியில எனக்கு இன்டர்வியூ. அவங்க மொதல்ல பாக்கறதே இந்தப் பலகையத்தான். ஒரே ஆளு முப்பத்தொரு வாட்டி காறித் துப்பியிருந்தா எனக்கு எவன் வேல குடுப்பான்? பணம் வாங்கி இதே மாதிரி சாஃப்ட்வேர் விக்கிற எவனோதான் பண்றான். ஆளக் காட்டுங்க, எழுதினத வாபஸ் வாங்க வைக்கறேன்."

"பகையாளி ‘பணிவுடன் வேண்டுகிறேன்’னு எழுத மாட்டான் தம்பி" என்றார் ராணியம்மாள். "அதுவும் முப்பத்தொரு வாட்டி."

கடைசிப் புகாரின் அடியில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது. நேற்று எழுதியது. *வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. நர்சிங் இடம் போய்விடும்.*

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. இரண்டாயிரத்து இருபத்தொன்று, தை மாசம். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே கால்.

"இது நெசமா இருந்தா?" என்றார் ராணியம்மாள்.

"என் மெஷின்ல நல்லா வேலை செய்யுது மேடம்!" பிரவீன்குமார் அங்கேயே செய்து காட்டினான். பெயர், ஊர், இனம், மதிப்பெண், அனுப்பு. படிவம் வாலை ஆட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. "பாத்தீங்களா? நூறு வாட்டி போட்டுப் பாத்துட்டேன். ஒரு வாட்டி கூட மாறல."

"நூறு வாட்டியும் உங்க பேரப் போட்டா?"

"ஆமா மேடம். என் விவரந்தானே எனக்கு மனப்பாடம்."

ராணியம்மாள் ‘ம்’ என்றார். அந்த ‘ம்’மை ஆதிமூலம் நான்கு வருஷமாகக் கேட்டு வருகிறான். அதற்கு அர்த்தம், கேஸ் பாதி முடிந்தது, ஆனால் இப்போது சொல்ல மாட்டேன் என்பது. அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒவ்வொரு புகாரோடும் ஒரு படம் இருந்தது. ஒரு கை செல்போனைப் பிடித்திருக்க, அதன் திரையை வேறொரு செல்போனால் எடுத்த படம்.

"போட்டோவா இது? திரைய விட வெரல்தான் ஜாஸ்தி தெரியுது" என்றான் ஆதிமூலம். "எல்லாத்துலயும் சிக்னல் இருக்க வேண்டிய எடத்துல பெருக்கல் குறி. பின்னால ஏதோ வெள்ளைச் சுவரு, மஞ்சப் பெயிண்டுல ஏழுன்னு போட்டிருக்குது."

"நல்லாத்தான் பாத்திருக்க" என்றார் ராணியம்மாள். "ஆனா பாத்ததப் பாக்கல. வண்டிய எடு. தம்பி, நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு மேடம்?"

"ஆளக் காட்டுங்கன்னு கேட்டீங்களே. காட்டணும்னா கண்ணு வேணாமா?"

*

‘ஆவன செய்யுமாறு’ என்று எழுதுகிறவர்கள் தானாக முளைப்பதில்லை. அவர்களுக்கு ஒரு மரமும், மடக்கு மேஜையும், கைநாட்டுக்கு ஊதா மைப்பெட்டியும் வேண்டும். ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் இவை மூன்றும் வேடியப்பனிடம் இருந்தன. முப்பது வருஷமாக மனு எழுதுகிறவர்.

அந்த மாசம் அவருக்குத் தலையைச் சொறியவும் நேரமில்லை. இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகப் போராட்டம். கிராம நிர்வாக அலுவலர் தொடங்கி ஆட்சியர் வரைக்கும் மனு. அன்றைக்குச் சாலை முழுக்கத் துண்டும் கொடியுமாகக் கூட்டம். கேட்கிறவர்களும் வேடியப்பனிடம்தான் வந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தால் எங்கள் கதி என்ன என்று கேட்கிறவர்களும் அவரிடம்தான் வந்தார்கள். இரண்டு தரப்பு மனுக் கட்டுகளையும் மேஜையின் இரண்டு ஓரத்தில் வைத்து, காற்று அடித்தாலும் கலக்காதபடி நடுவில் தன் சாப்பாட்டுத் தூக்கை வைத்திருந்தார்.

"பெருசு, ரெண்டு பக்கமும் எழுதறீங்களே, நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டான் ஆதிமூலம்.

"நானு மனு பக்கம்" என்றார் அவர் தலை நிமிராமல்.

ராணியம்மாள் செல்போனை நீட்டினார். வேடியப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முதல் புகாரைப் படித்தார். முகம் மலர்ந்தது.

"நம்ம அரைச்ச மாவுதான். மூணு நகல் போடாம நான் எழுத மாட்டேன். ரெண்டு போட்டா ஒர்த்தர் மேல ஒர்த்தர் போட்டுக்கினு கெடப்பாங்க. மூணு பேருன்னா ஒர்த்தருக்காவது பயம் வரும்."

"இதுல முப்பத்தொண்ணும் நீங்க எழுதினதா?"

"இன்னாது, முப்பத்தொண்ணா?" வேடியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒண்ணே ஒண்ணுதாம்மா. மார்கழில எழுதினேன். மலையிலருந்து ஒரு பொண்ணு வெள்ளிமலை பஸ்ல எறங்கி வந்துச்சி. பேரு தேவதர்ஷினி. படிவத்துல சாதி தானா மாறிக்குது, யாருகிட்ட சொல்றதுன்னு கேட்டுச்சி. செஞ்சவரு பேரு தெரியுமான்னேன். தெரியாது, சாஃப்ட்வேருதான் பண்ணுதுன்னுச்சி. சரின்னு ‘உயர்திரு மென்பொருள்’னு போட்டுட்டேன். அலுவலர் எவரா இருந்தா இன்னா, மரியாத குடுக்கணும் இல்ல?"

பிரவீன்குமார் அந்தப் புகாரை மறுபடி எட்டிப் பார்த்தான்.

"கூட யாராவது வந்தாங்களா?" என்று கேட்டார் ராணியம்மாள்.

"அப்பன்காரன் வந்தான். இருசப்பன். அவன் ஒரே ஏச்சு. ‘மெஷினு எங்கடி பொய் சொல்லும், நீதான் தப்பா அமுக்கித் தொலைச்ச’ன்னு. அந்தப் பொண்ணு வாயே தெறக்கல. மனு எழுதி முடிச்சதும், இதுக்குப் பதில் வருமான்னு மட்டும் கேட்டுச்சி." வேடியப்பன் கண்ணாடியை இறக்கினார். "நானும் முப்பது வருஷமா மனு எழுதறேன். எங்கிட்ட அந்தக் கேள்விய யாரும் கேட்டதில்ல."

வண்டிக்குத் திரும்பும்போது பிரவீன்குமார் விறைப்பாக இருந்தான். "அப்ப இந்தப் பொண்ணுதான் மேடம். ஒரு மனுவ வச்சிக்கினு முப்பது வாட்டி என்னைத் தொந்தரவு பண்ணியிருக்குது. அதுவும் பேரு சொல்லாம."

"பேரு, ஊரு, போன் நம்பர் எழுதக் கூடாதுன்னு செவப்பு எழுத்துல போட்டது யாரு?" என்றார் ராணியம்மாள்.

"அது பாதுகாப்புக்கு மேடம்."

"நல்லாத்தான் பாதுகாத்திருக்கீங்க" என்றான் ஆதிமூலம்.

*

வெள்ளிமலைக்கு வழியான கச்சிராயபாளையம் சாலையில் மறியல். பஸ்கள் இரண்டு பக்கமும் வரிசை கட்டி நின்றன. ஆதிமூலம் ஆம்னி வேனின் ஜன்னலை இறக்கி, துண்டு போட்ட ஒருவரிடம் கெஞ்சினான், கொஞ்சினான். கடைசியில், உள்ளே இருக்கிற தம்பியைக் கூட்டிக்கொண்டு, இட ஒதுக்கீட்டுப் பட்டியலில் நடந்திருக்கிற ஒரு தப்பைத் திருத்தத்தான் போகிறோம் என்று சொன்னான். அதில் ஒரு வார்த்தை கூடப் பொய்யில்லை. அவர் உணர்ச்சிவசப்பட்டு, நாலு பேரை எழுப்பி வழி விட்டதோடு, பிரவீன்குமாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மலை ஏறத் தொடங்கியபோது மணி மூன்று. வளைவுக்கு வளைவு ஓரச் சுவரில் மஞ்சள் எண். நாலாவது வளைவிலேயே எல்லார் செல்போனிலும் பெருக்கல் குறி விழுந்துவிட்டது. ஏழாவது வளைவில் திரும்பியதும் ஆதிமூலம் அடித்த பிரேக்கில் ராணியம்மாளின் தலை கண்ணாடியில் இடிக்கப் பார்த்தது.

வளைவு முழுக்க ஆட்கள்.

வெள்ளைச் சுவரின் மேலும் கீழும் பெண்பிள்ளைகள். நடுநடுவே சில பையன்கள். அப்பா, அம்மா, கைக்குழந்தை, சோற்று வாளி. எல்லார் கையிலும் செல்போன். எல்லாரும் கீழே சமவெளியைப் பார்த்துக் கையை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

"இங்கயும் போராட்டமா?" என்றான் பிரவீன்குமார் பயந்து போய்.

"சிக்னல் புடிக்கறாங்க" என்றார் ராணியம்மாள். "மலையில இந்தப் பக்கத்துக்கு இது ஒண்ணுதான் எடம் போல. தம்பி, எறங்குங்க. உங்க படிவத்த இங்க போட்டுக் காட்டுங்க."

பிரவீன்குமார் செல்போனில் படிவத்தைத் திறந்தான். பெயர், ஊர், இனம். மதிப்பெண் போடுவதற்குள் சிக்னல் போய்விட்டது. நாலு எட்டு நடந்தான், திரும்பி வந்தது. படிவம் விட்ட இடத்திலிருந்து எழுந்தது. அனுப்பினான். திரையைத் திருப்பிக் காட்டினான். அவன் முகத்தில் வெற்றி.

"பாருங்க! மிகவும் பிற்படுத்தப்பட்டோர்னு போட்டேன், அதேதான் போயிருக்குது. எங்க மாறிச்சி?"

"உங்களுக்கு மாறாதுங்க."

சொன்னது ஓர் ஒல்லியான பெண். நீலத் தாவணி. அவளைத் தேவதர்ஷினி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "என் பேரப் போட்டுப் பாருங்க. பழங்குடின்னு எடுங்க."

பிரவீன்குமார் போட்டான். இந்த முறை சுவரைத் தாண்டிப் பத்து எட்டு அவனே நடந்தான். சிக்னல் போனது, வந்தது. பெயர் இருந்தது, ஊர் இருந்தது. இனம் என்ற கட்டத்தில், அவன் விரல் வைக்காமலே, ‘மிகவும் பிற்படுத்தப்பட்டோர்’ என்று வந்து உட்கார்ந்திருந்தது.

இன்னொரு முறை போட்டான். இன்னொரு முறை. ஆதிமூலம் எண்ணிக்கொண்டிருந்தான். ஐந்தாவது முறை பிரவீன்குமார் நடுச் சாலையில் அப்படியே குந்திவிட்டான்.

"சிக்னல் போய் வந்தா எல்லாத்தையும் ஞாபகம் வச்சிக்குது மேடம். இந்த ஒரு கட்டம் மட்டும் மறந்து, பட்டியல்ல மொத வரிக்குப் போயிடுது."

"மொத வரியில யாரு?"

அவன் செல்போனைக் கவிழ்த்துப் பிடித்தான். "நாங்கதான். எங்க ஊர்ல முக்காவாசிப் பேரு அதான். சௌகரியமா இருக்கட்டும்னு மேல வச்சேன்."

"அதான் நூறு வாட்டி போட்டும் உங்களுக்குத் தெரியல" என்றார் ராணியம்மாள். "அது தப்பு பண்ணும்போதெல்லாம் உங்களுக்குச் சரியாயிடுது."

ஆதிமூலத்துக்கு நாக்கு அரித்தது. "கீழ பட்டியல்ல எடம் கேட்டு ரோட்டுல படுத்துக் கெடக்கறாங்க. தம்பி இங்க சிக்னல் இல்லாமயே பட்டியல மாத்திக் குடுத்துக்கினு இருக்காரு." யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சொல்லியிருக்க வேண்டாமென்று பட்டது.

"சரி, தப்பு என்னுதுதான்" பிரவீன்குமார் எழுந்து மண்ணைத் தட்டினான். "திருத்திடறேன். அதுக்காக ஒரே ஆளு முப்பத்தொரு புகாரு..."

"ஆதி, அந்தப் போட்டோவ எடு" என்றார் ராணியம்மாள். "திரையப் பாக்காத. கட்டைவெரலப் பாரு."

ஆதிமூலம் ஒவ்வொன்றாகத் தள்ளினான். முதல் படத்தில் நகம் கடித்த விரல். இரண்டாவதில் மருதாணி. மூன்றாவதில் பச்சை குத்திய புள்ளி. கடைசியதில் நகச்சுற்றுக்குத் துணி கட்டியிருந்தது. அவன் தலை தானாக நிமிர்ந்தது. சுவரின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். கட்டைவிரலில் துணிக் கட்டு, அழுக்கேறி, இன்னும் அவிழ்க்காமல்.

"யக்கா!" என்றான். ராணியம்மாளிடம் படத்தையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிக் காட்டினான்.

"மனுதான் ஒண்ணு" என்றார் ராணியம்மாள். "மாதிரி ஒண்ணு கெடச்சா அதுல ஒரு எழுத்த மாத்த நம்ம ஆளுங்களுக்குக் கை வராது. மாத்தினா செல்லாமப் போயிடுமோன்னு பயம். அதான் ஒரே ஆளோட புகார் மாதிரி இருக்குது. வெரலு மட்டும் அவங்க அவங்க வெரலு. எண்ணிப் பாருங்க தம்பி, உங்க பகையாளிங்கள."

பிரவீன்குமார் எண்ணவில்லை. வளைவை ஒரு தடவை சுற்றிப் பார்த்தான், அவ்வளவுதான்.

தேவதர்ஷினி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "காலேஜ்ல கேட்டோங்க. அனுப்பினதும் பூட்டின அப்ளிகேஷன தெறக்க மாட்டோம்னாங்க. தப்பு சாஃப்ட்வேர்லதான்னு செஞ்சவரே ஒத்துக்கினா தெறப்பாங்களாம். ஆளுக்கு ஒரு புகார் நம்பர் வேணுமாம். அதுல ‘பிழை உறுதி’ன்னு இருக்கணுமாம். எனக்குத்தான் அதுல எழுதத் தெரியும். இவங்க ஒவ்வொர்த்தருக்கா போட்டேன். நீங்க எல்லாத்தையும் மூடிட்டீங்க."

"இன்னிக்கிதானே கடைசி?" என்றான் பிரவீன்குமார்.

"இன்னிக்கி அஞ்சு மணிங்க."

மணி மூன்றே முக்கால்.

பிரவீன்குமார் சுவரின் மேல் மடிக்கணினியை வைத்தான். செல்போனோடு இணைத்தான். விரல்கள் விசைப்பலகையின் மேல் நின்றுவிட்டன. ஆதிமூலத்துக்கு அவன் மனக்கணக்கு வெளியே கேட்பது போல இருந்தது. திங்கட்கிழமை, சென்னை, பெரிய கம்பெனி. பலகையைத் திறந்ததும் சிவப்பாக முப்பத்தொரு ‘பிழை உறுதி’.

"பக், அதாவது பிழை, ஒண்ணுதானே" என்றான் அவன் யாரையும் பார்க்காமல். "முறைப்படி பாத்தா ஒண்ண மட்டும் உறுதி பண்ணிட்டு மிச்சத்த அதோட சேத்துடணும். உலகம் பூரா அப்படித்தான் செய்வாங்க."

"பக்கு ஒண்ணுதாங்க" என்றாள் தேவதர்ஷினி. "ஆளு முப்பதுங்க."

அதற்கு உலகத்தில் எங்கேயும் முறை எழுதி வைத்திருக்கவில்லை போலும். பிரவீன்குமார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முதல் விசையைத் தட்டினான்.

அதன் பிறகு நடந்தது துப்பறியும் வேலையில் சேராது. சிக்னல் வரும்போது ஒன்று, போகும்போது ஒரு வசவு. ஆதிமூலம் பழைய தொழிலுக்குத் திரும்பினான். "ரெண்டாம் நம்பரு உறுதி! யாரு ரெண்டு? காலேஜுக்கு அனுப்பு! மூணு ரெடியா இரு, கும்பல் போடாத, எல்லாருக்கும் எடம் இருக்குது!" நம்பர் கிடைத்தவர்கள் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற பதிலுக்காகக் கையை உயர்த்திக்கொண்டு நின்றார்கள். பத்தொன்பதாவதில் சிக்னல் பன்னிரண்டு நிமிஷம் செத்துக் கிடந்தது. ராணியம்மாள் முந்தானையை முறுக்கியதில் நூல் பிரிந்தது. முப்பத்தொன்றாம் நம்பருக்குப் பதில் வந்தபோது ஐந்துக்கு நாலு நிமிஷம். துணிக் கட்டுக்காரிதான் அது. ஓவென்று அழுதாள்.

"ஒண்ணாம் நம்பரு மிச்சம் இருக்குது" என்றான் ஆதிமூலம். "யாருது? சீக்கிரம்!"

யாரும் வரவில்லை.

"அது வேணாங்க" என்றாள் தேவதர்ஷினி. "என்னுது. நான் மொத சுத்து அட்மிஷன்ல போட்டது. போன மாசமே தேதி முடிஞ்சிடுச்சி. அடுத்த வருஷந்தான்."

ஆதிமூலம் ராணியம்மாளைப் பார்த்தான். இருபத்திரண்டு வருஷம் ஊர் ரகசியம் கேட்ட அந்த முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அப்படியானால் தன் இடம் போன பிறகுதான் இந்தப் பெண் மற்ற முப்பது பேருக்கும் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். 

பிரவீன்குமார் மடிக்கணினியை மூடப் போனவன் மூடவில்லை. முதல் புகாரைத் திறந்தான். தான் எழுதிய ‘பிழை இல்லை’யை அழித்தான். மற்றதற்கெல்லாம் இரண்டு வார்த்தையோடு விட்டவன், இதற்கு மட்டும் ரொம்ப நேரம் தட்டிக்கொண்டிருந்தான்.

தேவதர்ஷினி குனிந்து படித்தாள். தன் செல்போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, கூட்டத்தின் ஓரத்துக்குப் போனாள். அங்கே கடுக்காய் மூட்டையின் மேல் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். அவள் போனை நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார், எழுத்து தெரியாதவர்கள் பார்க்கிற மாதிரி முழுத் திரையையும் ஒரே தடவையில். பிறகு பக்கத்தில் நின்ற ஆதிமூலத்திடம் கொடுத்தார்.

"இன்னான்னு போட்டிருக்குது சார்?"

ஆதிமூலம் படித்தான். "புகார் எண் ஒன்று. பிழை உறுதி செய்யப்பட்டது. தவறு படிவத்தில் இருந்தது. நிரப்பியவர் சரியாகத்தான் நிரப்பியிருந்தார். இதைச் செய்தவன் நான். பிரவீன்குமார், நைனார்பாளையம்."

இருசப்பன் மகளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுவாட்டி படிங்க சார்."

எதற்கும் ஒரு நையாண்டி வைத்திருக்கிற ஆதிமூலம் போனை நேராகப் பிடித்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து, கொஞ்சம் உரக்கப் படித்தான்.